எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது

வெள்ளகோவிலில் ஒரு லாரி இருமினால் போதும். இங்கே திருப்பூரில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் ராஜா முகமது, "மூணாவது வால்வுடா" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பார். நடுவே ஐம்பது கிலோமீட்டர்! சிரிக்காதீர்கள்... நம் அலாவுதீனுக்குச் சொந்தத் தாய்மாமன் அவர். அப்பேர்ப்பட்ட மெக்கானிக்குக்கே பிடிபடாத கோளாறு ஒன்று இருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லையே? நல்லது. கிட்டே வந்து உட்காருங்கள்.

எண்பத்தேழு, சித்திரை மாதம். மணி பகல் பன்னிரண்டு. பேய்க்கு ராத்திரி ஷிப்டு மட்டும்தான் என்று யார் சொன்னது? குண்டடத்திலிருந்து பல்லடம் போகிற ரோடு... ஈ காக்கை இல்லை. கானல் மட்டும் நெளிகிறது. அதில் ஒரு கிழட்டு டேங்கர் லாரி. சாயப்பட்டறை முதலாளி குமாரசாமியின் வண்டி. அவர் தோட்டத்துக் கிணற்றிலிருந்து பட்டறைக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் போகிறது.

அந்த வண்டிக்கு ஒரு நோய். எஞ்சின் சூடானால் எரிகிற சிவப்பு லைட், சூடாகாமலே எரியும். காலி வண்டிக்கு எரியாது. உச்சி வெயிலில், தண்ணீர் பாரத்தோடு, ஒற்றை வேலமரம் நிற்கிற அந்த ஒரே வளைவில்... எரியும். அதுவும் தினமும் இல்லை. நாலு நாள் சும்மா இருக்கும், ஐந்தாம் நாள் முழிக்கும். டிரைவர் சோணைமுத்து பயந்து நிறுத்துவான். அங்கே பட்டறையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் துணி திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்து வீணாகும்.

அன்று முதலாளியே ஏறிக்கொண்டார். நடுவில் ராஜா முகமது.

"பாய், நீங்களே பாருங்க. இன்னிக்கும் லைட்டு எரிஞ்சுதுன்னா இவன் பொண்டாட்டி புள்ளையோட பட்டறை ரூமைக் காலி பண்ணட்டும்."

"கைப்புள்ள இருக்கு மொதலாளி. எங்கிட்டுப் போவேன்..."

"ரோட்டோரத்துல எடமா இல்ல? நல்லாக் காத்து வருமேடா."

வளைவு வந்தது. டக்... சிவப்பு.

ராஜா முகமது இறங்கி, துணி சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். விளிம்புவரை தண்ணீர். விரலை விட்டார். சில்லென்று இருந்தது. குமாரசாமி நம்பவில்லை. குடிக்க வைத்திருந்த கேனைப் பிடுங்கி மொத்தத்தையும் கவிழ்த்தார். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. எல்லாம் வழிந்து தார் ரோட்டில் காய்ந்தது.

மூடியைத் திருகி மூடிவிட்டு, சூடு பார்க்கிற சுவிட்சின் வயரைப் பிடுங்கினார் ராஜா முகமது. லைட் அணைய வேண்டும். அணையவில்லை.

"வயர் எங்கியோ பாடில ஒரசுதுங்க."

டேஷ்போர்டுக்குப் பின்னால் வயரையே வெட்டினார். எரிந்தது. பல்பைக் கழற்றினார்... உள்ளங்கையில் எரிந்தது.

"வெயில் பட்டு மின்னுது" என்றார்.

வெந்நீரில் கோழியை முக்கினால் வருமே, அந்த வாடை...

"இது நம்ம கிளீனர் ராக்கையா அண்ணன்தான் பாய்" என்றான் சோணைமுத்து. "ஆறு மாசம் முந்தி, கொதிக்கிற வண்டில மூடியத் தொறடான்னு மொதலாளி வெரட்டினாரு. மூஞ்சி, நெஞ்சு எல்லாம் வெந்து, தண்ணி தண்ணின்னு இங்கதான் கெடந்தாரு. பின்னால டேங்கு நிறையத் தண்ணி. கொழாயத் தொறந்து மூட நேரமாகும், துணி கெட்டுரும், வண்டிய எடுன்னுட்டாரு. பல்லடம் தாண்டல, உசுரு போயிருச்சு."

"வேலை போற பயத்துல கதை கட்டறான்!" குமாரசாமி வண்டிக்கு முன்னால் பாய்ந்தார். "பச்சைத் தண்ணி கெடக்கற ரேடியேட்டருக்குப் பேயாம் பேய்!"

வெறுங்கையால் மூடியைத் திருகினார்.

புஸ்ஸ்ஸ்...

ஆள் உயரத்துக்கு ஆவி. முகம் இருந்த இடத்தில் வாய் மட்டும் மிஞ்சியது. அந்த வாய் ஒரே சொல்லைச் சொன்னது.

"தண்ணி..."

கேன் காலி. சோணைமுத்து பின்னால் ஓடி டேங்கர் குழாயைத் திருகினான். ஒரு சொட்டு வரவில்லை. தட்டிப் பார்த்தான். தொம் என்றது. டேங்கு நிறைய இருக்கிறது! தகரத்தில் காதை வைத்தான்... சட்டென்று விலகினான். ராஜா முகமதுவும் காதை வைத்தார்.

"ஏர் லாக்குடா, கொழாய்ல காத்து அடைச்சிருக்கு. ஆளைத் தூக்கு."

பல்லடம் வருமுன் குமாரசாமி அடங்கிவிட்டார். சாயங்காலம் பட்டறையில் அதே குழாயைத் திறந்தார்கள். குழாய் நிறையத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

பதினோரு வருஷம் ராஜா முகமது அசைந்து கொடுக்கவில்லை. ஆவி? "உள்ள பிரஷர்." பல்பு? "வெயிலு." டேங்கு? "ஏர் லாக்." போன வருஷம் நோன்பு திறக்கிற நேரத்தில் அலாவுதீன் விடாமல் நச்சரித்தான்.

"மாமு, காதை வெச்சப்ப என்னதான் கேட்டுது?"

வாயருகே போன தண்ணீர் டம்ளரை ராஜா முகமது கீழே வைத்தார்.

"உள்ள யாரோ குடிச்சுட்டு இருந்தாங்கடா. மடக்... மடக்குன்னு."

"ஏர் லாக்குன்னீங்களே?"

"ஏர் லாக்கு..." என்றார். "நடுவுல நிறுத்தி மூச்சு வாங்காதுடா."