அதிர்ஷ்ட ஜாடி

உங்கள் இடது காது வலது காதைவிட ஒரு நூல் மேலே இருக்கிறது சார். பயப்பட ஒன்றுமில்லை, பாதிப் பேருக்கு அப்படித்தான். காதைப் பார்த்துக் கிருதாவை வெட்டினால் முகம் கோணலாகத் தெரியும். கண்ணைப் பார்த்து வெட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷம் ஆனது. தலையை மட்டும் ஆட்டாமல் இருங்கள்.

விசாரிக்க வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டைப் போர்த்திவிட்டானே என்று நினைப்பீர்கள். கை சும்மா இருந்தால் எனக்கு வாய் வராது. கையில் வேலை இருந்தால்தான் பேச்சு ஒழுங்காக வரும். உள்ளே கலகலவென்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது பட்டன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மடியில் இருக்கும் நோட்டு யாருடையது என்று தெரியும். எங்கள் அணியின் பழைய மேனேஜருடையது. எந்நேரமும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிவதால் அவருக்கு நோட்டுக்காரர் என்றே பெயர். நடுவில் ஒரு தாள் கிழிந்திருக்கும். கோல்கீப்பருக்குத் தலையில் அடிபட்டதை அவர் மறைத்துவிட்டார் என்று கமிட்டி புகார் எழுதியிருக்கிறது. மறைக்கவில்லை, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன் என்கிறார் அவர். யாரிடம் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். நீங்கள் அந்தத் தாளைத் தேடிக்கொண்டு தெருத் தெருவாக அலைகிறீர்கள். அலைய வேண்டாம் சார், சரியான கடைக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

எதிரே அலமாரியில் இரண்டு வட்டத் தடம் தெரிகிறதா? அங்கே இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. ஒன்றில் 'உத்தி' என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் 'அதிர்ஷ்டம்' என்று. மைதானத்தின் இரண்டாம் வாசலுக்கு எதிரில் கடை இருப்பதால், அணி தோற்றால் சனம் நேரே இங்கேதான் வரும். மேனேஜர் சரியாக ஆடவைக்கவில்லையா, இல்லை நேரம் சரியில்லையா என்று ஒரே கூச்சல். சோப்பு நுரையோடு எழுந்து நின்று கத்துவார்கள். ஒருநாள் சத்தம் பொறுக்காமல், பக்கத்துத் தையல்காரரிடம் ஒரு பை பழைய பட்டன் வாங்கிவந்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். மேனேஜர் தப்பு என்றால் உத்தி ஜாடியில் போடு, விதி என்றால் அதிர்ஷ்ட ஜாடியில் போடு, வாயை மூடு என்றேன். திங்கள்கிழமை மதியம் எண்ணி வாசலில் சிலேட்டில் எழுதிவைப்பேன்.

விளையாட்டாக ஆரம்பித்ததுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சிலேட்டுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. கமிட்டிச் செயலாளர் திங்கட்கிழமை மாலை அந்தப் பக்கமாக நடந்துபோவார். நிற்கமாட்டார், வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைப்பார். உத்தி ஜாடியில் பட்டன் அதிகமாகி வேலை போன மேனேஜர்கள் மூன்று பேர். என் எண்ணிக்கையை யாரும் ஒருநாளும் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை. எனக்கு அதில் கர்வம் உண்டு.

கோல்கீப்பர் என் தம்பி. எனக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா போனபிறகு அவனுக்குப் பல் தேய்த்துவிட்டது முதல் எல்லாம் நான்தான். ஊரில் அவனைக் கதவு என்பார்கள். அவன் பந்தைப் பிடித்தால் மைதானம் முழுக்க 'சாத்திட்டான்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கடையிலிருந்தே கேட்பேன். கையில் இருக்கும் முகத்துக்கு நான் யாருடைய அண்ணன் என்று தெரியாவிட்டால், தெரியப்படுத்திவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் எழுபத்தெட்டாவது நிமிஷம் வரை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள்தான் முன்னிலை. அப்போது நோட்டுக்காரர் என் தம்பியை வெளியே எடுத்துவிட்டு மாற்றுக் கீப்பரை இறக்கினார். அடுத்த பன்னிரண்டு நிமிஷத்தில் இரண்டு கோல். இரண்டாவது, பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி, விழுந்து கிடந்த கீப்பரின் முதுகில் பட்டு உள்ளே உருண்டது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டவர்களிடம், "என் முடிவு, காரணம் என்கிட்ட இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காரணம் அன்று மாலை என் வீட்டு வாசலுக்கே வந்தது. முப்பதாவது நிமிஷத்தில் தம்பியின் தலை கம்பத்தில் மோதியிருக்கிறது. இடைவேளையில் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சாதித்திருக்கிறான். எழுபத்தெட்டாவது நிமிஷத்தில் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபோதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அவரே டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, தன் காரிலேயே கொண்டுவந்து விட்டார்.

"மூணு வாரம் பந்துப் பக்கமே போகக் கூடாது. அதுக்குள்ள இன்னொரு அடி, சின்னதா பட்டாலும் ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றார்.

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "யார்கிட்டயும் சொல்லாதீங்க சார். அடுத்த சனிக்கிழமை பெரிய கிளப்லேருந்து என்னைப் பாக்க ஆள் வர்றாங்க. தலையில அடின்னு தெரிஞ்சா திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க."

"சொல்லமாட்டேன். ஆனா நான் இருக்கிற வரைக்கும் நீ அன்னைக்கு ஆடமாட்டே" என்றார் அவர். என்னையும் பார்த்தார். நானும் தலையாட்டினேன். என் மனைவி வாந்திப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி தம்பியின் முகத்தருகே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமில்லை.

"நல்லா நின்ன கதவைக் கழட்டிட்டு வீட்டைத் தொறந்து போட்டுட்டாரே மனுஷன்" என்றார் தையல்காரர்.

"கம்பத்துல பட்டு, முதுகுல பட்டு உள்ள போன பந்துக்கு அவர் என்னய்யா பண்ணுவார்? அது அவர் முதுகா?" என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்.

"அந்த முதுகை உள்ள எறக்கினது யாரு?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆம்புலன்ஸ்காரர் சிரிக்கவில்லை. "கதவு தலை கம்பத்துல மோதினதை நான் பாத்தேன். எழுந்து தப்பான பக்கம் நாலு அடி நடந்தான். அதுக்காகத்தான் மாத்தியிருப்பார். அது சரின்னா, மிச்சமெல்லாம் நேரம்தான்" என்றார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "அண்ணே, நீங்கதான் சொல்லணும். தம்பிக்கு அடியா?"

என் கையில் ஒருவருடைய தாடை இருந்தது. கத்தி இழுப்பை முடித்தேன். "வீட்டுல நல்லாத்தான் இருக்கான். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஏன் மாத்தினார்னு அவர்கிட்டதான் கேக்கணும். எதிர் டீம் மேனேஜரும் இவரும் ஒரே பள்ளிக்கூடமாமே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காது" என்றேன்.

சம்பந்தம் இருக்காது என்றுதான் சொன்னேன் சார். அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் அது சம்பந்தம் இருக்கிறது என்று ஆகிவிட்டது. ராத்திரிக்குள் ஒரு தொகையும் சேர்ந்துகொண்டது. அதையெல்லாம் சேர்த்தது நான் இல்லை.

அப்படியும் திங்கள்கிழமை எண்ணும்போது அதிர்ஷ்ட ஜாடியில் எழுபத்து நாலு, உத்தி ஜாடியில் ஐம்பத்தொன்று. சனம் நாம் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை சார். அந்த முதுகை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நான் ஒரு பட்டனைக்கூட இடம் மாற்றவில்லை. சிலேட்டில் எண்களை மாற்றி எழுதினேன், அவ்வளவுதான். உத்தி எழுபத்து நாலு, அதிர்ஷ்டம் ஐம்பத்தொன்று.

தையல்காரருக்கே ஆச்சரியம். "எண்ணினது சரிதானே?" என்றார்.

"இத்தனை வருஷத்துல தப்பா எண்ணியிருக்கேனா?" என்றேன். பாவம், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை செயலாளர் வேகத்தைக் குறைக்கவில்லை, நின்றே படித்தார். செவ்வாய்க்கிழமை காலை நோட்டுக்காரருக்கு வேலை இல்லை. அவர் இடத்துக்கு ஒரு புது கோச் வந்துவிட்டார்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். பழி அவர் தலையில் விழுந்துவிட்டால் தம்பியின் தலையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்பதற்காக. என் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கே அது பொய் என்று தெரிந்தது. 'நான் இருக்கிற வரைக்கும்' என்று அவர் சொன்னாரே, அந்த வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டேன். நேரம் ஆக ஆக, அது ஆசை மாதிரி இல்லாமல் வேலை மாதிரி ஆகிவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேலுதட்டை இறக்கிக்கொள்ளுங்கள் சார்.

புதன்கிழமை காலை கடை திறக்கும்போது அவர் வந்தார். இதே நாற்காலிதான். கிரவுண்டு வாசலில் அவரை உள்ளே விடவில்லை. செயலாளர் போனை எடுக்கவில்லை. வழியில் யாரோ அவர் சட்டையில் துப்பியிருந்தார்கள். அந்த இடத்தை மறைத்தபடி நோட்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முகத்துக்குச் சோப்புப் போட்டேன்.

"உங்க தம்பிக்குக் கொடுத்த வாக்கை மீறப்போறேன். மன்னிச்சுக்கச் சொல்லுங்க" என்றார். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். முத்து முத்தான கையெழுத்து. அடிபட்ட நிமிஷம், வாந்தி எடுத்த நேரம், டாக்டர் சொன்னது, இருபத்தொரு நாள் ஆடவிடக் கூடாது என்பது, கீழே அவர் கையெழுத்து. "புது கோச் கையில கொடுத்துடுங்க. நான் சொன்னா சாக்கும்பாங்க. அண்ணன் கொடுத்தா நம்புவாங்க."

"இன்னைக்கே கொடுத்துடறேன்" என்றேன்.

அவர் கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்தார். நான் சவரத்தை ஆரம்பித்தேன். நுரை வழிக்க எப்போதும் பக்கத்தில் ஒரு தாள் வைத்திருப்பேன். அன்றைக்கு அந்தத் தாளை வைத்தேன். நாடியை முடிக்கும்போது முதல் வரி போயிருந்தது, கழுத்தை முடிக்கும்போது கையெழுத்தும் போயிருந்தது. கசக்கிக் குப்பையில் போட்டேன். அவர் கண்ணைத் திறந்து, கன்னத்தைத் தடவிப் பார்த்து, "உங்க கை பஞ்சு மாதிரி" என்றார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தாளை யாரிடம் கொடுத்தார் என்று அவர் ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று இத்தனை நாள் யோசித்தேன். ஒரே வீடு இரண்டு பேரையும் இழக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். அவர் அப்படித்தான் நினைப்பார்.

சனிக்கிழமை மதியம் தம்பி கட்டிலில் உட்கார்ந்து கையுறையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். ஜன்னலைச் சாத்தச் சொன்னான்.

"அண்ணே, வெளிச்சம் கண்ணைக் குத்துது. புது கோச்கிட்ட சொல்லிடட்டுமா?"

அவன் என்னைக் கேட்டான் சார். சின்ன வயதில் விழுந்த பல்லைக்கூடக் கூரைமேல் போடட்டுமா வேண்டாமா என்று என்னைத்தான் கேட்பான். என் மனைவி கதவருகே நின்றாள்.

"தொண்ணூறு நிமிஷம்டா. சமாளி. அப்புறம் எத்தனை நாள் வேணாலும் தூங்கு" என்றேன். ஷூ நாடாவை நானே குனிந்து கட்டிவிட்டேன், அவனுக்குக் குனிந்தால் தலை சுற்றியதால்.

அறுபத்திரண்டாவது நிமிஷம் பக்கவாட்டிலிருந்து ஒரு பந்து தூக்கி வந்தது. எதிராளியும் தம்பியும் சேர்ந்து எம்பினார்கள். அந்தப் பையன் முழங்கை தம்பியின் தலையில் லேசாகத்தான் பட்டது, நடுவர் ஊதக்கூட இல்லை. தம்பி பந்தை விடவில்லை. பிடித்துக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தான். மைதானம் முழுக்க 'சாத்திட்டான்' என்று கத்தியது. நானும் எழுந்து நின்று கைதட்டினேன். உட்கார்ந்தவன் எழவில்லை என்று எல்லாரும் கைதட்டலை நிறுத்தியபிறகும் நான் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்ததாக ஆம்புலன்ஸ்காரர் சொல்கிறார். அவர்தான் தூக்கிக்கொண்டு போனார்.

உள்ளே பட்டன் சத்தம் அவன்தான். ஒரு ஜாடியிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடுவான். தீர்ந்ததும் அங்கிருந்து இங்கே. கை மட்டும் பழகின வேலையைச் செய்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்துவிடுவேன். அப்போது, "ஜெயிச்சோமாண்ணே?" என்பான். ஜெயிச்சோம்டா என்பேன். சிரிப்பான். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்பான். என் மனைவி அவனுக்கு ஊட்டுகிறாள், என்னோடு பேசுவதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள் சார். நோட்டுக்காரர் எதையும் மறைக்கவில்லை. தாளை வாங்கினது நான், அழித்தது நான், சிலேட்டில் பொய் எழுதினது நான். அவன் சொல்லட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அவர் வீட்டு வாசலில் போய் நிற்க எனக்கு முகமில்லை, இந்தக் காகிதமாவது போகட்டும்.

கண்ணாடியில் பாருங்கள், இரண்டு பக்கமும் சமமாக வந்திருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் சார். அந்த முழங்கை ஒரு விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் இன்றைக்கு அவன் பெரிய கிளப்பில் நின்றுகொண்டிருப்பான். அது யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. அதை மட்டும் அதிர்ஷ்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் இல்லையா?