இதுவரை ஒருவரும் விழவில்லை

பேச்சியம்மா நன்றாகக் கூட்டுவார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். கதிரைகளுக்கு அடியிலும் திரைச்சீலை மடிப்பிலும்கூடத் தூசி இருக்காது. ஆனால் சேர், அவருக்குத் தரைக்குப் பொலிஷ் போடத் தெரியாது. அள்ளி அப்பிவிடுவார். காய்ந்த பிறகு திட்டுத் திட்டாக வெள்ளை தெரியும். பாடசாலை மண்டபத்தில் நீங்கள் அளந்து படம் எடுத்த அந்த இடம் அப்படியா இருந்தது? முகம் தெரிகிற மாதிரி இருந்தது. மெல்லிய துணியால் வட்டம் வட்டமாக, பொறுமையாகத் தேய்த்தால்தான் அப்படி வரும். அந்த அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. அதனால்தான் நானே பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

என் பெயர் கலாராணி. ஊர் நாவலப்பிட்டி. அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தார். அம்பிட்டியவில் இருக்கும் இந்தப் பெண்கள் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். வலைப்பந்து பழக்கினேன், ஓட்டம் பழக்கினேன். எல்லாம் நடந்தது, எதிலும் உயிர் இருக்கவில்லை. பிறகு ஒரு வருடம் கொழும்பில் பாடசாலைகளுக்கான சியர்லீடிங் போட்டியைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். பெண் பிள்ளைகள் ஒரே குரலில் கத்துகிறார்கள். ஒருத்தியின் தோளில் இன்னொருத்தி ஏறி நிற்கிறாள். ஏறி நிற்பவளின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளில் ஒருத்திக்குக்கூட அப்படி ஒரு முகம் வந்து நான் பார்த்ததில்லை. திரும்பி வந்த கையோடு குழு தொடங்கினேன்.

உங்களுக்குச் சியர்லீடிங் பற்றி அதிகம் தெரிந்திருக்காது. சுருக்கமாகச் சொல்கிறேன். அது சத்தம் போடுகிற விளையாட்டு. சிரிக்கிற, குதிக்கிற விளையாட்டு. எங்கள் பாடசாலையில் முதலில் வந்த சட்டம், சத்தம் போடக் கூடாது என்பது. உயர்தர வகுப்புக் கட்டடம் பக்கத்தில் இருக்கிறதாம். சரி என்றேன். வாயை மட்டும் அசைத்துப் பழகினோம். அடுத்தது, பாட்டில் ஆங்கிலம் வேண்டாம், சினிமா வேண்டாம். பாடசாலைக் கீதத்தை வேகமாக வாசித்து அதற்கு ஆடினோம். பிறகு, இடுப்பில் கை வைக்கக் கூடாது. கை வைக்கிற இடத்தை மாற்றினோம். பயிற்சி நேரத்தில் ஜன்னல்களைச் சாத்த வேண்டும், கூரை திருத்த வந்த ஆட்கள் பார்க்கிறார்களாம். கண்டிக் குளிரிலும் மூடிய மண்டபத்துக்குள் பிள்ளைகள் வியர்த்து நின்றார்கள்.

போட்டிக்குக் கொழும்புக்குப் போனால் நடுவர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். கடைசி இடம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

எனக்குக் கோபம் வருகிற சுபாவம் இல்லை. அதைப் பாடசாலையில் யாரிடமும் கேட்கலாம். ஒவ்வொரு சட்டத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சொல்கிறவர்களும் கெட்டவர்கள் இல்லை. எல்லாம் சேர்ந்து மூச்சை அடைக்கிறது என்பதைத்தான் அவர்களுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

கால் விஷயத்துக்கு வருகிறேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் முத்துலிங்கத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும், கண்டி டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் கிருஷாந்தி என் குழுவில்தான் இருந்தாள். பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி ஏறிக் கட்டுகிற கோபுரத்தின் உச்சியில் ஏறுகிறவள் அவள். பிள்ளைகளின் கால் தெரிகிறது என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. பாவாடையை நீளமாக்கினோம், தடக்கியது. அதன் பிறகு முத்துலிங்கமே ஒரு வழி சொன்னார். இடுப்பிலிருந்து கால் விரல் நுனி வரைக்கும் மூடுகிற கறுப்பு ஸ்டொக்கிங். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதே வருடம் பழைய மாணவிகள் மண்டபத்துக்கு மரத் தரை போட்டுக் கொடுத்தார்கள். அழகான தரை. அதில் சப்பாத்து போடக் கூடாது என்று அதிபர் சட்டம் வைத்தார். கீறல் விழும் என்று.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மரத் தரை, வெறும் ஸ்டொக்கிங் கால். அதில் ஓடி வந்து, துள்ளி, இன்னொருத்தியின் கையில் ஏற வேண்டும்.

அதிபரிடம் போனேன். யாழ்ப்பாணத்து ஆள், நல்ல மனுஷி. "எனக்கு விளங்குது டீச்சர். ஆனா தரை பழைய மாணவிகளின்ர காசு. ஸ்டொக்கிங் சங்கத்தின்ர முடிவு. என்ர கையில ஒண்டுமில்லை" என்றார். சப்பாத்து போட விடுங்கள், இல்லாவிட்டால் வெறுங்காலோடு விடுங்கள் என்றேன். சங்கத்தோடு கதையுங்கள் என்றார்.

சங்கத்தோடு கதைத்தேன். முத்துலிங்கம் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, முழுவதையும் கேட்டார்.

"வழுக்குதுங்க. பிள்ளைங்க பயந்து பயந்து ஓடுதுங்க" என்றேன்.

"நீங்க சொல்றது வெளங்குது டீச்சர். ஆனா பெத்தவங்க வாய மூட முடியாதே. சரி, ஒன்னு கேக்குறேன். இதுவரைக்கும் யாராவது விழுந்திருக்காங்களா?"

"இல்லைங்க. நான் பாத்துப் பழக்குறதால விழல."

"அப்ப என்ன டீச்சர்? யாரும் விழலையே."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நிம்மதியாகச் சொன்னார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

அந்த வார்த்தை என்னோடு வீட்டுக்கு வந்தது. சமைக்கும்போது வந்தது. நான் கவனமாக இருந்ததே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது பாருங்கள். ஒவ்வொரு நாளும் தரையில் ஈரத் துணி போட்டுத் துடைத்து, பிள்ளைகளின் வேகத்தைக் குறைத்து, துள்ளலை எடுத்துவிட்டு நான் காப்பாற்றிக்கொண்டிருந்ததால்தான் சட்டம் சரியாக இருந்தது. நான் அஜாக்கிரதையான டீச்சராக இருந்திருந்தால் எப்போதோ மாற்றியிருப்பார்கள்.

ஆகவே ஒருத்தி விழ வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. யார் என்பதுதான் கேள்வி.

இதை நான் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. குழுவில் பாதிப் பேர் ஹொஸ்டல் பிள்ளைகள், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி விழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பையில் தோடம்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். சட்டம் அப்படியே இருக்கும். அது வீண். விழுந்தால் சங்கத்துக்கு வலிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கிருஷாந்தி ஒருத்திதான். எனக்கு அவள் மேல் கோபம் எதுவும் இல்லை, நல்ல பிள்ளை. கொஞ்சம் மந்தமாக ஓடுவாள். அந்த வேகத்துக்கு வழுக்கினால் பின்பக்கமாக உட்காருவாள். கணுக்கால் சுளுக்கும், நாலு பேர் முன்னால் அழுவாள். மறுநாள் காலை ஸ்டொக்கிங் போய்விடும். அவளுக்கும் சேர்த்துத்தான் நல்லது.

கொழும்புப் போட்டிக்கு முன் கடைசி ஒத்திகையைச் சங்கத்தார் பார்க்க வருவதாக இருந்தது. மேடையில் கதிரை போட்டு அவர்கள் உட்காருவார்கள். பிள்ளைகள் கீழே தரையில், மேடையைப் பார்த்து ஆடுவார்கள். கோபுரத்தில் ஏறுகிறவள் மண்டபத்தின் பின்னாலிருந்து ஓடி வந்து ஒரு இடத்தில் கால் ஊன்றித் துள்ளுவாள். அந்த இடத்தில் வேறு ஒருத்தியும் கால் வைப்பதில்லை. அந்த அமைப்பைப் போட்டது நான்தானே, எனக்குத் தெரியும்.

பொலிஷ் டின்னை முத்துலிங்கத்தின் கடையிலேயே வாங்கினேன். அவரே பையில் போட்டுக் கொடுத்து, "பிள்ளைங்க எப்பிடி டீச்சர், கப் வருமா?" என்று கேட்டார். பார்ப்போம் என்றேன். ஒத்திகை நாள் காலையில் பாடசாலை கூடுவதற்கு முன்னால் போய், நடுவில், அவள் கால் ஊன்றுகிற அந்த இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குத் தேய்த்தேன். பேச்சியம்மா அப்போது கன்டீன் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. மண்டபச் சாவி என்னிடமும் ஒன்று இருக்கிறது.

சங்கத்தார் வந்து உட்கார்ந்த பிறகுதான் முத்துலிங்கம் சொன்னார். "டீச்சர், மகளுக்கு நேத்திலருந்து காய்ச்சல். தாய் அனுப்ப மாட்டேன்னுட்டா. கோவிச்சுக்காதீங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம்தான். இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்று ஒரு காய்ச்சலால் போகிறதே என்று இருந்தது.

அப்போது யோகிதா என் பக்கத்தில் வந்து நின்றாள். தெல்தோட்டைப் பிள்ளை, ஹொஸ்டலில் இருக்கிறவள். அப்பா செல்லச்சாமி தோட்டத்தில் வேலை. குழுவில் எப்போதும் கீழே நின்று மற்றவளைத் தூக்குகிறவள். "டீச்சர், நான் ஏறட்டுமா? கிருஷாந்தியோட எல்லா ஸ்டெப்பும் எனக்குத் தெரியும். ஹொஸ்டல்ல கட்டில் மேல நின்னு செஞ்சு பாத்திருக்கேன்" என்றாள். அவளுக்கு, முதன்முதலாகக் கொழும்பில் நான் பார்த்தேன் என்று சொன்னேனே, அந்த முகம் வந்திருந்தது. அவள் இன்னும் ஏறக்கூட இல்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கோபுரம் இல்லாமல் ஆடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். துணி எடுத்து வந்து துடைத்திருக்கலாம். நீங்கள் இதையெல்லாம் கேட்கப் போகிறீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். துடைக்கப் போனால் மேடையிலிருந்து பார்க்கிறவர்கள் என்னவென்று கேட்பார்கள். கோபுரம் இல்லாமல் ஆடினால் அது ஒத்திகையே இல்லை. அதோடு, எல்லோரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள் சேர். அதிபர், செயலாளர், பொருளாளர், எல்லோரும். அப்படி எல்லோரும் ஒன்றாக வந்து பார்ப்பது திரும்ப எப்போது நடக்கப் போகிறது? யார் விழுந்தாலும் கண்ணால் கண்டால் நம்புவார்கள் என்று ஒரு பக்கம் தோன்றியது.

சரி, ஏறு என்றேன். விசில் ஊதினேன்.

அவள் கிருஷாந்தி மாதிரி ஓடவில்லை. அதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. தோட்டத்து ஏற்ற இறக்கத்தில் ஓடி வளர்ந்த பிள்ளை. கால் போன வேகத்தில் பின்பக்கமாக உட்காருவதற்கு நேரமே இருக்கவில்லை. குப்புற விழுந்து தரையோடு சறுக்கிக்கொண்டே வந்தாள். தூக்க நின்ற இரண்டு பேருக்கு நடுவால் போனாள். மேடையின் அடிக் கல் விளிம்பில் கழுத்து பட்டது. அதிபரின் காலுக்கு நேர் கீழே. பிள்ளைகள் கத்தினார்கள். அந்த மண்டபத்தில் அவர்கள் முழுக் குரலில் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதெல்லாம் உங்கள் அறிக்கையில் இருக்கும். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று டொக்டர் சொன்னார். திரும்ப வருமா என்று செல்லச்சாமி கேட்டார். டொக்டர் அவருடைய தோளில் கை வைத்தார். செல்லச்சாமி என்னிடம் வந்து, "நீங்க இருந்ததாலதான் டீச்சர், புள்ள இவ்வளவு தூரம் வந்துச்சு. ஒங்கள நாங்க ஒன்னும் சொல்ல மாட்டோம்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் சங்கம் கூடியது. ஸ்டொக்கிங்கைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சியர்லீடிங் ஆபத்தான விளையாட்டு, குழுவைக் கலைக்க வேண்டும் என்று முடிவு எடுத்தார்கள். தரையை யார் மினுக்கியது என்று கேட்டார்கள், பேச்சியம்மாவைப் பிடித்தார்கள். தோடம்பழப் பையோடு நாலு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முன்னாலேயே நான் சொன்னேனே, இப்படித்தான் நடக்கும் என்று. வலைப்பந்துப் பிள்ளைகளும் இனி ஸ்டொக்கிங் போட வேண்டும் என்று அதே கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் யோகிதாவைப் பார்க்கப் போனேன். ஒன்றை மட்டும் அவள் வாயால் கேட்டுவிட்டால் போதும் என்று நினைத்தேன். அவள் சொன்னால், விழுந்த பிள்ளையே சொன்னால், சங்கம் கேட்டுத்தானே ஆக வேண்டும். தாய் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் அது.

"யோகிதா, ஒன் கால் வழுக்கினது ஸ்டொக்கிங்காலதானே?" என்று கேட்டேன்.

அவள் கூரையைப் பார்த்தபடி யோசித்தாள். கழுத்தைத் திருப்ப முடியாது.

"இல்ல டீச்சர். நான்தான் ஆசையில வேகமா ஓடிட்டேன். நீங்க மெதுவா ஓடச் சொல்லித்தான் பழக்கினீங்க."

"நல்லா யோசிச்சுப் பாரு. தரையில கால் புடிக்கலதானே?"

"அது எல்லாருக்கும் அப்பிடித்தானே டீச்சர். வேற யாரும் விழலையே." பிறகு, "என்னாலதான் டீம கலைச்சுட்டாங்களாம். ஹொஸ்டல் அக்காமார் சொன்னாங்க. நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டீங்க. என்னை மன்னிச்சிருங்க டீச்சர்" என்றாள். கண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. துடைக்க அவளால் கையை அவ்வளவு தூரம் தூக்க முடியவில்லை.

எனக்கு ஆத்திரமாக இருந்தது, மறைக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவியிருக்கும். அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சின்னப் பிள்ளை. லேஞ்சியை எடுத்து அவளுடைய கன்னத்தைத் துடைத்துவிட்டேன். பரவாயில்லை என்றேன்.

அவளை நான் மன்னித்துவிட்டேன், சேர்.