வீட்டில் யார் யார்

ஒரு மொழியைப் படிக்க வேண்டுமென்றால் அந்த மொழிக்காரரோடு வாய் திறந்து பேச வேண்டும். அதனால்தான் நாவற்குடாவில் நான் நடத்திய ஆங்கில வகுப்புக்கு இன்ரநெற் எடுத்தேன். சனிக்கிழமை காலைகளில் கனடாவிலிருந்து டொரத்தி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை கணினித் திரையில் வருவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவரோடு பேசுவார்கள். நான் பக்கத்தில் கதிரை போட்டிருந்து பிழை திருத்துவேன்.

என்ன கேட்பதென்று அவருக்கு நான்தான் எழுதி அனுப்புவேன். வீட்டில் யார் யார், நேற்று என்ன கறி, யார் எந்த அறையில் படுப்பது. எல்லாம் ஆரம்பப் பாடக் கேள்விகள்.

நான் யாரையும் வற்புறுத்தவில்லை. அந்த 2006ஆம் ஆண்டில் எங்கள் சனம் பக்கத்து வீட்டாரிடம்கூட வாய் திறக்காது. இயக்கத்தை விட்டு வவுணதீவுப் பக்கமிருந்து வாவி கடந்து ஓடிவந்த பிள்ளைகளைத் தாய்மார் அறைக்குள் பூட்டி வைத்திருந்த காலம். ஆனால் சிரித்த முகமாய் ஒரு வெள்ளைக்காரக் கிழவி கேட்டால் யாருக்கும் பயம் வராது.

அவர்களைத் தேடிய இயக்கக்காரர்கள் அதற்கு முந்திய வருடமே என்னிடம் வந்துவிட்டார்கள். என் மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

“மாஸ்டர், ஓடி வந்தவனுகள் எங்க ஒளிச்சிரிக்கானுகள் எண்டு மட்டும் சொல்லுங்க. உங்கட மகனைத் தொட மாட்டம்.”

பெற்ற பிள்ளையைப் பறிகொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் தகப்பனென்றால் விளங்கும்.

என் வகுப்பில் படித்த பீற்றிஸ் நல்ல பிள்ளை, கூச்சம் அதிகம். அதுவரை வீட்டில் தானும் அம்மாவும் மட்டும் என்றுதான் சொல்லிவந்தாள். அந்தச் சனிக்கிழமை, யார் யாருக்குச் சமைத்தாய் என்று டொரத்தி கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“சேர், உண்மையத்தான் சொல்லணுமா?”

“ஓம் மகள். உண்மையச் சொன்னாத்தான் பேச்சு வரும். அவ எங்கயோ இருக்கிறவதானே.”

அண்ணா மத்தேயு வந்திருக்கிறார், அவருக்கு இறால் கறி விருப்பம், பின்னறையில் படுக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு பிழை இல்லை. டொரத்தி கை தட்டினார். நானும் மனதாரப் பாராட்டினேன். மாலையில் போய் அவர்களிடம் சொன்னேன். மத்தேயு முதலாமவனல்ல.

அவர்கள் நேராகப் பின்னறைக்குத்தான் போனார்களாம். சில நாளில், வாவியில் வலை வீசியவர்கள் அவனுடைய தாயை வரச் சொன்னார்கள். செத்தவீட்டில் பீற்றிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது வேஷமில்லை.

மகனைப் பற்றிக் கேட்டீர்கள். நன்றாக இருக்கிறான், கட்டாரில் வேலை. தை மாதமே அனுப்பிவிட்டேன். மத்தேயு செத்தது வைகாசியில். இடையில் அந்தக் கேள்விகளை மாற்றலாம் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. பிள்ளைகள் அவற்றுக்கு அவ்வளவு சரளமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.