அந்தத் திருகுல கை வைக்காதீங்க

இல்ல சார், அந்தத் திருகுல மட்டும் கை வைக்காதீங்க. வயர்லெஸ்ஸு அது பாட்டுக்குக் கத்தட்டும். தொட்டிலப் பாத்துட்டுதான சத்தத்தக் குறைக்கப் போனீங்க? அவ முழிக்க மாட்டா. ஒரு மாசமா இந்த இரைச்சலுக்குக் கீழதான் தூங்குதா, பழகிட்டா. எம்மவதான். பாத்திமா ஹனா. ஒம்போது மாசம் ஆவுது. நீங்க ஒக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு காலு ஆடும்.

நானா? நூருல் ஹுதா. கீழ போர்டு பாத்தீங்கல்லா, டிரஸ்ட் ஆம்புலன்ஸுன்னு, அதுக்கு நான்தான் கண்ட்ரோல் ரூம். ரூமுன்னா இந்த ரூம், கண்ட்ரோலுன்னா நான். மூணு வண்டி, வண்டிக்கு ஒரு செட்டு, மேசையில இந்தப் பெரிய செட்டு. சிவகிரி மலையடிவாரத்துல போனு எடுக்காது, அதுக்காவத்தான் வயர்லெஸ்ஸு. அவங்க கூப்புட்டா நான் கேட்டு பதில் சொல்லணும். அம்புட்டுதான் சார் எனக்கு வேல.

செட்டு விக்க வந்த ஆளுங்கள்ல நீங்க நாலாவது. மொத வந்தவரு ஒரு போனைத் தூக்கிட்டு வந்து வயர்லெஸ்ஸுன்னாரு. உள்ள சிம் கார்டு. போனு எடுக்கலன்னுதான சார் வயர்லெஸ்ஸே வாங்குதோம்னேன். ஆமால்ல மேடம்னு தொடச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அடுத்தவரு டெமோ காட்டுதேன்னு மேலநீலிதநல்லூருக்குப் போயி தண்ணி டேங்கு மேல ஏறி நின்னாரு. ஹலோ, கேக்கா கேக்கான்னு. கேக்காம? கரிசக்காட்டுல மறைக்கதுக்கு என்ன இருக்கு? அங்கன நின்னு வெறும் வாயால கூப்புட்டாலே திருவேங்கடத்துல எவனாவது ஏன்னு கேப்பான். மலைப்பக்கம் போயிக் காட்டுங்கன்னேன். ரோடு மோசமா இருக்காம், காரு புதுசாம்.

மூணாவது ஆளு நல்லாத்தான் பேசுனாரு. பெறவுதான் தெரிஞ்சுது, பேட்டரி அவங்க கிட்டதான் வாங்கணும், சார்ஜரும் அவங்க கிட்டதான், இடுப்புல மாட்டுத கிளிப்பு ஒடஞ்சாலும் அவங்க கிளிப்புதான். செட்டு வாங்குததா, சம்பந்தம் பண்ணுததான்னு கேட்டேன். இன்னொருத்தர் செட்டோட இது பேசாதாம். ரோட்டுல ஒருத்தன் அடிபட்டுக் கெடப்பான், மூணு வண்டி வந்து நிக்கும், மூணு கம்பெனி செட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது, பங்காளிச் சண்ட மாதிரி. கடைசியில டிரைவருங்க இறங்கி வந்து கையைக் காலை ஆட்டித்தான் பேசிக்கிடணும்.

சிரிக்காதீங்க. ஒங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன்.

ம், சொல்லுங்க. இரைச்சல் இருக்காதா? சரி. மலைக்குள்ளயும் எடுக்குமா? சரி. பேசுதது எல்லாம் தானா ரெக்கார்டு ஆவுமா? யாரு எத்தன மணிக்குக் கூப்புட்டா, யாரு எடுத்தா, யாரு எடுக்கல, எல்லாம் தெரியுமோ. இந்தப் பழைய செட்டுல அப்படி ஏதும்... இல்லையா. உள்ளுக்குள்ள எங்கயும் பதிஞ்சிருக்காதா? இல்ல, சும்மாதான் கேட்டேன்.

கீழ தறி ஓடுது, ஒங்களுக்கு நான் பேசுதது கேக்குல்லா?

சரி, நான் கையெழுத்துப் போடணும்னீங்களே, அந்த லெட்டரக் குடுங்க. நீங்களே அடிச்சுக் கொண்டு வந்துட்டீங்களாக்கும். வாசிப்பேன் சார், நானும் கான்வென்ட்டுல படிச்சவதான். எங்க சிஸ்டர் மட்டும் இதப் பாத்திருந்தா செவப்பு மையில பத்து வட்டம் போட்டிருப்பாங்க. சாவ இங்கிலீஷ்ல சேட் டிமைஸ்னு போட்டிருக்கீங்க. சந்தோஷமான டிமைஸ் வேற தனியா இருக்கா?

இருங்க, பூராத்தையும் வாசிக்கேன். டிரைவர் செல்லப்பா, அம்பத்தி மூணு வயசு, மலையடிவார ரோட்டுல தனியா வரும்போது நெஞ்சுவலி. கண்ட்ரோல் ரூமைக் கூப்புட முயற்சி செஞ்சாரு. பழைய செட்டு பழுதானதுனால கூப்புட்டது கேக்கல. இதக் கண்ட்ரோல் ரூம் ஆப்பரேட்டரான நான் உறுதி சொல்லுதேன். கீழ கோடு போட்டு என் பேரு. பேரையாவது தப்பில்லாம அடிச்சிருக்கீங்களே.

இதக் காட்டி எத்தன ஊருல விப்பீங்க? தென்காசி, ராஜபாளையம், அப்புறம் கவர்மென்ட் டெண்டரு. செல்லப்பா அண்ணாச்சி போட்டோ ஒண்ணும் கேட்டீங்களாமே, எங்க செக்ரட்டரி மன்சூர் அலி சார் சொன்னாரு. நோட்டீஸுல போடவா? வண்டிய எடுத்துக்கிட்டு முன்னூறு பிரசவத்துக்காவது ஓடுன மனுஷன். அன்னைக்கும் ஒருத்திய, பெத்த புள்ளையோட வீட்டுல கொண்டு விட்டுட்டுத்தான் திரும்பி வந்தாவ. செத்தபெறவு ஒங்க கம்பெனிக்கு ஓடணுமாக்கும்.

தெரியும் சார். கையெழுத்துப் போட்டா எனக்கும் நல்லதுன்னுதான சொல்ல வாறீங்க. செட்டு மேல தப்புன்னு ஆயிட்டா எவனும் என்னைய ஒண்ணும் கேக்க மாட்டான். வேல நிக்கும். இவ வாப்பா தோஹாவுல இருந்த வேலயும் போயி நாலு மாசமா ரூமுல ஒக்காந்திருக்காவ, அதையும் விசாரிச்சுட்டுத்தான் படியேறி வந்திருப்பீங்க. நல்லாத் தொழில் பண்ணுதீங்க.

அண்ணாச்சி சம்சாரம் ஆறுமுகத்தாய் அக்கா கிட்டயும் வாங்கிட்டீங்களா? எங்க, காட்டுங்க. ஆமா, அக்கா கையெழுத்துதான். பாவம், கோணலா இருக்கு. பேப்பர்ல என்ன இருக்குன்னு சொன்னீங்களா? செட்டு கெட்டுப் போச்சு, அதான் ஒம்புருசன் போயிட்டாருன்னு சொல்லியிருப்பீங்க. அக்காவும் அதத்தான நம்பிக்கிட்டு இருக்கா. போன வாரம் இங்கன வந்தா சார். பதினாறு முடிஞ்ச கையோட, புள்ளைக்கு ஒரு கவுனு வாங்கிக்கிட்டு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். ஏட்டி, நீ ஏம்ட்டி அழுத, பாழாப்போன செட்டு சதி பண்ணுனா நீ என்ன செய்வ, புள்ளையப் பாருன்னுட்டுப் போனா. அந்தக் கவுனத்தான் போட்டிருக்கா, தொட்டில்ல பாருங்க, மஞ்சளு.

செட்டு சரியில்லன்னு எல்லாரும் நம்புனதுக்குக் காரணமும் நான்தான். அந்த எடத்துல எடுக்கலன்னு முன்னால நானே நாலு தடவ எழுதிக் குடுத்திருக்கேன். அதக் கேட்டுத்தான் வைகாசியில மாடியில ஏரியல் கம்பிய உசத்தி வச்சாங்க. எடுக்கத் தொடங்கிட்டு. எடுக்குன்னு மட்டும் நான் எழுதிக் குடுக்கல. நல்லா இருக்கத எவன் சார் எழுதிக் குடுக்கான்?

ஆமா. அன்னைக்கும் எடுக்கத்தான் செஞ்சுது.

அப்ப ரெண்டு நாளா இவளுக்குக் காய்ச்சல். ராத்திரி பூரா தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன். வீட்டுல விட ஆள் இல்ல, இங்கன கொண்டாந்தேன். ரெண்டு மணி இருக்கும், அப்பத்தான் கண்ணசந்தா. மத்தியானத்துல யாரும் கூப்புட மாட்டாங்க. செட்டு சும்மா கர்ருன்னு இரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. புள்ள முழிச்சிருவாளேன்னு அந்தத் திருகக் கொஞ்சம் கீழ திருகுனேன். கொஞ்சந்தான்னு நெனைச்சேன். தொட்டில ஆட்டிக்கிட்டே நானும் அப்படியே செவுத்துல சாஞ்சுட்டேன்.

ரெண்டு நாப்பதுக்கு முழிப்பு வந்து சத்தத்தக் கூட்டுனா அண்ணாச்சி கொரலு. கேக்கா மக்கா, கேக்கான்னு. ஒவ்வொரு எழுத்தும் தெளிவா கேட்டுது சார், பக்கத்துல நின்னு பேசுன மாதிரி. சொல்லுங்க அண்ணாச்சின்னேன். அதுக்கு மேல பேச்சில்ல. மத்த வண்டிய அனுப்புனேன். போயிச் சேரும்போது மைக்கு அண்ணாச்சி கையிலயே இருந்துச்சாம். அதுக்கு முன்னால எத்தன தடவ கூப்புட்டாவளோ, எனக்குத் தெரியாது. நோட்டுல சிக்னல் இல்லைன்னு எழுதி வச்சேன். என் கையெழுத்து நல்லா இருக்கும், ஒருத்தரும் கேக்கல.

ஒங்க புதுச் செட்டுலயும் ஒரு திருகு இருக்கே சார், அது என்னத்துக்கு? அதுவும் சத்தத்துக்குத்தானா? கீழயும் திருகுமா?

என்ன? அதெல்லாம் வெளிய சொல்ல வேண்டாம், நமக்குள்ள இருக்கட்டும், லெட்டர்ல இருக்க மாதிரியே போட்டுருங்கன்னா சொல்லுதீங்க? இவ்வளவையும் கேட்டுட்டு அந்தப் பேனாவ நீட்டுதீங்க பாருங்க. ஒங்க நெஞ்சு ஒங்களுக்கு எந்தக் கம்பெனி வித்துது சார்?

இல்ல இல்ல, மூடாதீங்க. பேனாவக் குடுங்க. லெட்டரையும் இப்படித் தள்ளுங்க. இந்தப் பக்கம் இல்ல. பின்பக்கம் வெள்ளையாத்தான கெடக்கு.