இசக்கிமணியின் நாக்கு

ஈசல் வறுக்கும்போது உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் நீர் விட்டுச் சவசவத்துப் போகும். இது தெரியாமல் செய்துவிட்டு ஈசலைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. பேப்பரும் பேனாவும் கொடுத்து, "தொழில்லருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் எழுதுங்கம்மா" என்று சொன்னவர் நீங்கள்தான். என் தொழில் இதுதான். மேலகரத்தில் என் வீட்டுப் பின்பக்கம் பதினாலு வருஷமாக ஈசல் வறுக்கிறேன். பொரி, பொட்டுக்கடலை, பூண்டு, வற்றல் மிளகாய் சேர்த்துப் பொட்டலம் போட்டால் குற்றாலத்துக்கு சீசன் சமயம் வருகிறவர்கள் அருவியில் நனைந்துவிட்டு வந்து வாங்கித் தின்பார்கள். முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். ஒன்றை வாயில் போட்டுவிட்டால் வீட்டுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். பொட்டலத்தில் 'பெர்சிஸ் ஈசல் பொரி' என்று அச்சடித்திருக்கும். அது சென்னையில் இருக்கிற என் மகன் ஜெனோ செய்து கொடுத்தது.

என்னிடம் வேலை பார்த்த இசக்கிமணி செத்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. பூச்சிமருந்து உடம்புக்குள் போயிருக்கிறது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்றாலே குடித்துவிட்டாள் என்றுதான் நம் பக்கத்தில் நினைப்பார்கள். வேறு எதையும் யாரும் யோசிப்பதில்லை. அவளைக் குடிக்கும்படி செய்தவன் என்று அவள் புருஷன் பலவேசத்தை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அதற்குச் சாட்சி சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அவள் விழுந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் அவள் வீட்டுப் பக்கம் போனபோது அவர்கள் சண்டை போட்டதை என் காதால் கேட்டேன் என்று சொன்னேன். அது பொய் இல்லை. அவன் ரேஷன் கார்டைத் தொலைத்துவிட்டு வந்து நின்றான். அவள் கத்தினாள். அவன் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தான். எந்த வீட்டில்தான் நடக்கவில்லை? நடந்ததைத்தான் சொன்னேன். நடந்ததில் எதைச் சொல்வது என்பதை மட்டும் நானாக முடிவு செய்துகொண்டேன்.

இப்போது ஏன் வந்தேன் என்றால், அலுத்துவிட்டது. துக்கம் கேட்க வருகிறவர்களெல்லாம் என் வீட்டில்தான் அவள் விழுந்தாள் என்பதால் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ரேஷன் கார்டிலிருந்து ஆரம்பித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அறுபத்தொரு வயது. முழங்கால் வேறு வலிக்கிறது. பலவேசம் பாவம், அவன் தட்டை எறிந்ததற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

எங்கள் தொழிலில் 'வாய் பார்ப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. கூடையை இறக்கியதும், ஈசல் பிடித்துக்கொண்டு வந்தவள் வாங்குகிறவளின் கண் முன்னால் ஒரு கை அள்ளி, இறகை ஊதிவிட்டு, பச்சையாக மென்று காட்ட வேண்டும். நல்ல புற்று ஈசல் தேங்காய்ப்பால் போல இனிக்கும். மருந்து பட்ட புற்று என்றால் கசக்கும், நாக்கு நுனி மரத்துப்போகும். உடனே துப்பிவிட்டுக் கூடையைக் கொட்டிவிட வேண்டும். முன்பு இது ஒரு மரியாதைக்காகச் செய்தது. இப்போது தென்னைக்கெல்லாம் தூரில் கரையான் மருந்து ஊற்றுகிறார்கள். கரையான்தானே இறகு முளைத்து ஈசலாகிறது? அதனால் இன்று வாய் பார்க்காமல் வாங்க முடியாது. ஆனால் பிடிக்கிறவர்கள் இந்தக் காலத்தில் கெட்டிக்காரர்கள். மென்ற மாதிரி கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, தெருமுனையில் போய்த் துப்புகிறார்கள். எனக்கென்று ஒரு நாக்கு தேவைப்பட்டது.

ஜெனோ, "லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணும்மா" என்றான். பண்ணாமல் இல்லை. ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு, "அரிசிக்கு எவ்வளவு மருந்து இருக்கலாம்னு அளவு இருக்கு, மிளகாய்க்கு இருக்கு. ஈசலுக்குன்னு எங்கிட்ட ஒண்ணும் இல்லையேம்மா. எதை வச்சு நல்லது கெட்டதுன்னு எழுத?" என்றாள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றும் சொன்னாள். ஈசல் இரண்டு நாள் தாங்காது. நான் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இசக்கிமணி இதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள்.

அவள் நாக்கு அப்படிப்பட்டது. நாலு தெரு தள்ளித்தான் வீடு. சின்ன வயதிலிருந்து ஈசல் பிடித்தவள். வாயில் போட்டதும், "இது பனங்காட்டுப் புத்துக்கா" என்பாள். "இது கீழப்பாவூர்ச் செம்மண்ணு" என்பாள். கொண்டு வந்தவளைக் கேட்டால் சரியாக இருக்கும். அவளை நான் ஏமாற்றி வேலைக்கு வைக்கவில்லை. "எல்லாக் கூடைக்கும் நீயே வாய் பாரு, நீ வெயில்ல அலைஞ்சு பிடிக்க வேண்டாம்" என்றேன். அவளுக்குச் சந்தோஷம்தான். கிணற்றடியில் நிழலில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். வாய் கொப்பளிக்கச் செம்பில் தண்ணீர் வைத்தேன். என் வீட்டில் யாருக்கும் தராத பித்தளைச் செம்பு அது. இசக்கிமணி நல்ல பெண், சொன்னால் கேட்பாள்.

சித்திரையில் கோடை மழை நன்றாகப் பெய்தது. மழைக்கு மறுநாளெல்லாம் வடகரை, கீழப்பாவூர், செங்கோட்டைப் பக்கமிருந்து கூடைகள் வந்தன. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை. முதல் வாரத்தில் ஏழு கூடையைத் துப்பினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் நாலு. வைகாசி பாதியில் ஒன்றோ இரண்டோ. ஆனி பிறந்த பிறகு எதையும் துப்பவில்லை. எல்லாவற்றையும் நல்லது என்றாள். இந்த வருஷம் சரக்கு சுத்தமாக வருகிறது, பிடிக்கிறவர்கள் பயந்துவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒருநாள் அவளே சொன்னாள். "அக்கா, நாலு நாள் விட்டுரட்டுமா? வாய்ல தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு. கண்ணு வேற மங்கலாத் தெரியுது. நேத்து குழம்புல உப்பு போட்டேனா இல்லையான்னே தெரியல, இவுக தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சிட்டாவ."

"சாரல் காத்துட்டி. எல்லாருக்கும் சளி பிடிச்சிருக்கு" என்றேன். "சீசன் நேரத்துல போயி இப்பிடிச் சொல்லுதியே. சுக்குக் காப்பி போட்டுத் தாரேன், குடி."

போட்டும் கொடுத்தேன். கருப்பட்டி தாராளமாகப் போட்டேன். அவள் குடித்துவிட்டு அடுத்த கூடைக்குக் கை நீட்டினாள்.

அந்தச் சமயத்தில் ஜெனோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பேரப்பிள்ளைகள் ஈசல் பொரி கேட்டார்கள். ஈசல் சூடு, வயிற்றைக் கெடுக்கும் என்று சொல்லி அவர்களுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்று யோசிக்கவில்லை. கை தானாக மாவைப் பிசைந்தது. இந்தப் பன்னிரண்டு நாளில்தான் அதை யோசித்துப் பார்க்கிறேன்.

இனி அந்த நாளைப் பற்றி. வடகரையில் யாக்கூப் என்று ஒருவர் தென்னந்தோப்புக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். நல்ல மனுஷன். காலையில் ஒன்பது மணிக்கு எனக்குப் போன் செய்தார். "பெர்சிசக்கா, நம்ம தோப்புல முந்தாநேத்து கரையானுக்கு மருந்து ஊத்தியிருக்கேன். புத்துலயும் நேரா ஊத்தியாச்சு. சொல்லச் சொல்லக் கேக்காம யாரோ வேலிக்குள்ள நுழைஞ்சு ஈசல் அள்ளிட்டுப் போயிருக்காவ. உங்ககிட்டதான் கொண்டாருவாவ. வாங்கிராதிய" என்றார். மருந்தின் பெயரையும் சொன்னார்.

அவர் போன் செய்தபோது அந்தக் கூடை என் கிணற்றடியில் இருந்தது. கொண்டு வந்தவள் அப்போதுதான் தோப்பின் பெயரைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள். இசக்கிமணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

ஐயா, நீங்கள் இந்த இடத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் கிடையாது. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு மாதமாக ஒரு கூடையையும் துப்பாதவள், சரக்கு நன்றாக இருப்பதால் துப்பவில்லையா, இல்லை அவள் நாக்கே செத்துவிட்டதா? குழம்பில் உப்பு தெரியவில்லை என்று அவள் சொன்னது என் மனதில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. இதைத் தெரிந்துகொள்ள வேறு வழி எனக்கு இல்லை. மருந்து உண்டு என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கூடை கையில் இருக்கிறது. அவள் துப்பிவிட்டால் ஒரு மாதச் சரக்கும் சுத்தம், நான் நிம்மதியாகத் தூங்கலாம். இதில் பகை எங்கே இருக்கிறது? லேபில் செய்வதும் இதுதானே?

போனை வைத்துவிட்டு, "ஏட்டி, இதையும் பாரு" என்றேன்.

ஒரு கை அள்ளினாள். ஊதினாள். மென்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துப்புவாள், துப்புவாள் என்றுதான் காத்திருந்தேன். வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

"நல்லா இருக்குக்கா" என்றாள்.

ஒரு தடவையில் எதையும் முடிவு செய்யக்கூடாது இல்லையா? "இன்னொரு வாய் பாரு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதுவரை எந்தக் கூடைக்கும் நான் இரண்டாவது கை கேட்டதில்லை. ஆனாலும் அள்ளினாள். முதல் தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அள்ளினாள், நான் சந்தேகப்பட்டதற்காக இருக்கலாம். "இனிச்சுதான் கிடக்கு, நம்புங்கக்கா" என்றாள்.

அரை மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. கை விரல்கள் தனித்தனியாகத் துடித்தன. ஸ்டூலிலிருந்து சரிந்துவிட்டாள். ஆம்புலன்சுக்கு நான்தான் போன் செய்தேன், கூடவே ஏறியும் போனேன். வழியில் அவள் தலையை என் மடியில் வைத்திருந்தேன், அதை அந்த டிரைவரே சொல்வான். ஆஸ்பத்திரியில் நர்சம்மா, "என்ன சாப்பிட்டாங்க? மருந்துன்னா பேரு தெரியுமா? சீக்கிரம் சொல்லுங்க" என்றாள். பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. தெரியாது என்றேன். வீட்டில் ஏதாவது சண்டையா என்று அவளாகவே கேட்டாள். ஆமாம், தட்டை எறிந்தான் என்றேன். மூன்றாம் நாள் காலையில் இசக்கிமணி போய்விட்டாள்.

அந்தக் கூடையை நான் விற்கவில்லை. குழி தோண்டிப் புதைத்தேன். ஆனி மாதச் சரக்கு ஏற்கனவே வறுத்துப் பொட்டலம் போட்டாகிவிட்டது. அது அருவிக்கரையில் விற்றுப்போனது. இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை. வயிற்றைப் பிரட்டியிருந்தாலும் அருவித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

ஆக, பலவேசம் குற்றவாளி இல்லை. அவள் மருந்து குடிக்கவும் இல்லை. தெரிந்தே அவள் வாயில் இரண்டு கை கொடுத்தது நான். மருந்தின் பெயரை மறைத்ததும் நான். இதை யாரும் மிரட்டி எழுதவைக்கவில்லை. பலவேசத்தை விட்டுவிடுங்கள்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. செய்த தப்பு எது என்று எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. ஒரே நாக்கை அத்தனை நாள் வைத்து வேலை வாங்கியிருக்கக் கூடாது. எத்தனை நல்ல நாக்கானாலும் தேய்ந்துதான் போகும். வாரத்துக்கு இரண்டு நாளாவது ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

அவளுடைய மகள் காளீஸ்வரி இருக்கிறாள். இருபத்திரண்டு வயது. அம்மாவும் இல்லாமல், அப்பாவும் இல்லாமல், அந்த வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் கேட்காவிட்டால் அவளை யார் கேட்பார்கள்? போன திங்கட்கிழமையிலிருந்து என் வீட்டுக்குத்தான் வருகிறாள். அவளுக்கும் அம்மாவின் நாக்கு அப்படியே வாய்த்திருக்கிறது. அந்தப் பித்தளைச் செம்பை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

ராத்திரி மழை பெய்திருக்கிறது. இப்போது மணி பத்தே முக்கால் என்று உங்கள் சுவர்க் கடிகாரம் காட்டுகிறது. வடகரைக் கூடை பதினோரு மணிக்கு வந்துவிடும். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நீயே வாய் பார்த்து இறக்கி வை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். காளீஸ்வரி நல்ல பெண், சொன்னால் கேட்பாள்.