உதவிப் பொத்தான்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போகிறவன்கூடப் போனில் நட்சத்திரம் எண்ணிவிட்டுத்தான் போகிறான். பக்கத்து வீட்டுக்காரன் தலை கண்ணெதிரே இருக்கிறது. எங்கே வெட்டினாய் என்று அவனைக் கேட்டால் சொல்லப்போகிறான். கேட்க மாட்டார்கள். முகம் தெரியாத எவனோ நட்சத்திரம் போட்டான் என்று பஸ் ஏறிப் போய்த் தலையைக் கொடுப்பார்கள். நீங்களும் என்னை உட்காரவைத்த பிறகு மூன்று தடவை போனைப் பார்த்துவிட்டீர்கள், சார். குற்றமாகச் சொல்லவில்லை. பார்த்தேன், சொன்னேன்.

நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோணலாகத்தான் வரும். இருந்தாலும் அடுத்தவன் எழுதினதில் கையெழுத்துப் போட எனக்கு மனசு வராது. அதனால் நானே எழுதுகிறேன்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். தொழிலைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

எங்களுடையது வேடிக்கை காட்டும் தொழில். கம்பெனி விழா, கடைத் திறப்பு, பிறந்தநாள், எங்கே கூப்பிட்டாலும் போவோம். பெரிய தகர கேன் ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் உள்ளே குந்தலாம். அதில் தளும்பத் தண்ணீர் ஊற்றி, ஆளை இறக்கி, மூடி போட்டு, நான்கு பூட்டுப் பூட்டுவோம். சுற்றிலும் துணி மறைப்பை இழுத்துவிடுவோம். ஒரு நிமிடத்தில் உள்ளே போனவன் ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வந்து நிற்பான். பூட்டு நான்கும் பூட்டியபடியே இருக்கும்.

சூட்சுமம் கேனின் கழுத்தில் இருக்கிறது. கழுத்தை உடம்போடு ஆணி அடித்து இறுக்கியது போலத் தெரியும். ஆணியெல்லாம் பொய். உள்ளேயிருந்து இரண்டு கையாலும் தள்ளினால் கழுத்து, மூடி, பூட்டு எல்லாம் சேர்ந்து தொப்பி மாதிரி கழன்றுகொள்ளும். இனி இதை யாரும் காட்டப்போவதில்லை. அதனால் சொல்கிறேன்.

முதல் பதினெட்டு வருஷம் உள்ளே இறங்கியது நான். அப்புறம் மாடி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. என் சம்சாரத்தின் தம்பி இறங்கினான். அப்போதே முப்பதைத் தாண்டியவன், மீன் கடையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். அதனால் எல்லோரும் அவனை மீன் என்றார்கள். தண்ணீருக்குள் இரண்டரை நிமிடம் இருப்பான், அதற்கும் பொருந்தியது. நானும் மீன் என்றுதான் கூப்பிட்டேன். பன்னிரண்டு வருஷம் அவன் உள்ளே, நான் வெளியே. மறைப்புக்குள் கேனை ஒட்டி, சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி நிற்பது என் வேலை. நான்கு பூட்டையும் இருபது எண்ணுவதற்குள் திறப்பேன். கண்ணை மூடிக்கொண்டும் திறப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முப்பது எண்ணியதும் அவன் உள்ளேயிருந்து மூன்று தட்டுத் தட்டுவான். அது ஜனங்களுக்காக. ஐயோ மாட்டிக்கொண்டான் என்று பதறுவார்கள், பிறகு கை தட்டுவார்கள். நிஜமாகவே மாட்டிக்கொண்டால் தட்டக் கூடாது, விரலில் போட்டிருக்கும் மோதிரத்தால் தகரத்தைக் கீற வேண்டும். அந்தச் சத்தம் வெளியே கேட்காது. கேனை ஒட்டி நிற்பவனுக்கு மட்டும் கேட்கும். பன்னிரண்டு வருஷத்தில் அவன் கீறியதே இல்லை.

போன வருஷம், விழாக்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இந்த ஆப் வந்தது. காசு கட்டிச் சேர வேண்டும். அதிலும் சும்மா உறுப்பினர், தங்க உறுப்பினர் என்று இரண்டு தட்டு. மீன் தங்கத்தில் சேர்ந்தான். அதனால் வேலை வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தது. விலை விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் பாதி. மீதிப் பாதி வந்தது. முன்பெல்லாம் பந்தல்காரர் சொல்லி வரும், மைக்செட்காரர் சொல்லி வரும். சொன்ன ஆள் விழா முடியும்வரை ஓரமாக நிற்பார். ஏதாவது கோளாறு என்றால் அவருக்குத்தான் அவமானம், ஓடி வருவார். இந்த ஆப்காரர்களில் யார் ஓடி வருவார்கள் என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"அதுக்குத்தானே மாமா காசு கட்டறது," என்றான் மீன். "இங்க பாருங்க, உதவின்னு போட்டிருக்கான். இந்தப் பொத்தானை அமுக்கினா ஆளு. இருபத்திநாலு மணி நேரமும்."

"அமுக்கிப் பாத்தியா?"

"சும்மா எதுக்கு அமுக்கணும்? ஒண்ணு ஆனா அமுக்கிக்கலாம்."

"ஒண்ணு ஆனா நான் இருக்கேனேடா."

"நீங்க இருக்கீங்க மாமா. யாரு இல்லேன்னா?" என்று சிரித்துவிட்டுச் சம்சாரத்திடம் திரும்பி, "அக்கா, உன் வீட்டுக்காரருக்கு அந்தப் பொத்தான் மேல பொறாமை," என்றான். அவளும் சிரித்தாள். எனக்குக் கோபமில்லை. நான் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆப்பில் இன்னொரு சட்டம். யாராவது விசாரித்தால் ஐந்து நிமிடத்துக்குள் பதில் போட வேண்டும், இல்லையென்றால் வரிசையில் கீழே தள்ளிவிடுவார்கள். மீன் தண்ணீருக்குள் இருக்கும்போது விசாரணை வந்தால் என்ன செய்வது? போனை என்னிடம் கொடுத்தான். ஒரு கையில் சாவி, ஒரு கையில் போன் வைத்துக்கொண்டு எனக்கு எழுத்து அழுத்த வரவில்லை.

"சாவியைப் பையில போடுங்க மாமா. அது எங்க ஓடப்போவுது? போனைப் பிடிங்க," என்றான்.

போட்டுக்கொண்டேன். பதில் எழுதவும் அவனே சொல்லிக்கொடுத்தான்.

படமும் மாறியது. ஆப்பில் போட்டிருந்த படத்தில் நானும் நின்றேன். "டிக்கெட் கேக்க வந்தவரு மாதிரி நிக்கிறீங்க மாமா," என்று வெட்டிவிட்டான். அவன் கை பழகாதவன், சரியாக வெட்ட வரவில்லை. கேனுக்குப் பக்கத்தில் என் விரல்கள் நான்கும் சாவிக்கொத்தும் மட்டும் மிஞ்சின. நானூறு பேர் அதைப் பார்த்திருக்கிறார்களாம்.

அப்புறம் பிறந்தநாளுக்குக் கூப்பிட்ட ஒரு வீட்டுக்காரர் ஆப்பில் கருத்து எழுதினார். "நிகழ்ச்சி அருமை. கூட நிற்கும் பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் இல்லாமலிருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன்." நான்கு போட்டிருந்தார். ஒரு எழுத்து விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு எப்போதுமே ஞாபகசக்தி அதிகம், வேறு காரணம் கிடையாது.

"பாத்தீங்களா, உங்க மூஞ்சிக்கு ஒரு ஸ்டாரு போச்சு," என்றான் மீன். கேலிதான். அவன் மனசில் ஒன்றும் வைத்துப் பேசுகிறவன் இல்லை. அடுத்த வாரம், மறைப்பை இழுத்து மூடிய பிறகு உள்ளே வந்தால் போதும் மாமா, பூட்டை விழாக்காரர்களையே பூட்டச் சொல்லலாம் என்றான். ஆப்பில் அப்படித்தான் யோசனை சொல்லியிருந்தார்களாம். சரி என்றேன். பின்வாசல் வழியாக வரப் பழகிக்கொண்டேன்.

கேன் பழைய பால் கேன் மாதிரி இருக்கிறது, படத்தில் எடுபடவில்லை என்றும் ஆப்பில் சொன்னார்கள். மீன் தங்க நிற பெயின்ட் வாங்கி வந்து இரண்டு பூச்சு அடித்தான். பளபளவென்று இருந்தது. விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அது.

ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றுமுன் நான் கழுத்தை மூன்று முறை கழற்றி மாட்டி, இணைப்பில் எண்ணெய் தடவுவேன். முப்பது வருஷப் பழக்கம். அன்றைக்குச் செய்யவில்லை. வண்டியில் போகும்போதே மீன் ஆப்பில் ஒரு படிவம் நிரப்பினான். உபகரணங்கள் சோதிக்கப்பட்டனவா என்று ஒரு கேள்வி. ஆம் என்று தொட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோதித்தாயிற்று என்று அவனே போட்ட பிறகு எனக்கென்ன வேலை? அதனால் நான் கேனைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள், சார். தொட்டுப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலமே பார்த்தேன். இணைப்பு இருக்கும் இடத்தில் விரலை ஓட்டினேன், இணைப்பே தட்டுப்படவில்லை. பெயின்ட் உள்ளே இறங்கிக் காய்ந்து, ஒரே தகரம் போல ஆகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன்.

விழா ஒரு கம்பெனி ஹாலில். காலை பதினோரு மணி. தரையில் கம்பளம் விரித்திருந்தார்கள், குடும்பத்தோடு இருநூறு பேர் இருப்பார்கள். ஏற்பாடு செய்த பெண் என்னைப் பார்த்து, "அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வீடியோல விழறீங்க," என்றாள். தள்ளி நின்றேன். கம்பெனி மேனேஜரே மேடைக்கு வந்து நான்கு பூட்டையும் பூட்டி இழுத்துப் பார்த்தார். சாவிக்கொத்தை அந்தப் பெண் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறைப்பை இழுத்தார்கள். பின்பக்கமாக உள்ளே போனேன். கையில் போன்.

முப்பதில் தட்டினான். ஜனங்கள் பதறினார்கள், கை தட்டினார்கள். எல்லாம் வழக்கப்படி.

ஐம்பதில் கழுத்தைத் தள்ளும் சத்தம் கேட்டது. மறுபடி தள்ளினான். கேன் ஒரு தடவை ஆடியது. எழுபதில் கீறினான்.

அப்போதுதான் பொத்தானை அமுக்கினேன்.

உங்கள் சிக்கல் எதைப் பற்றியது என்று அது கேட்டது. நிகழ்ச்சி ரத்து, பணம், கருத்துகள், மற்றவை. மற்றவை என்றதைத் தொட்டேன். விவரம் எழுதச் சொன்னது. நான் ஒரு விரலால் எழுதுகிறவன். கழுத்து வரவில்லை, ஆள் உள்ளே இருக்கிறான் என்று எழுதினேன். தப்பில்லாமல்தான் எழுதினேன், எடுத்துப் பாருங்கள். உங்கள் நலனே எங்களுக்கு முக்கியம், உங்களுக்கு முன்னால் ஏழு பேர் காத்திருக்கிறார்கள் என்று வந்தது.

காத்திருந்தேன். எங்கேயும் வரிசை என்றால் நிற்கிறவன் நான், முந்திக்கொண்டு போகிற பழக்கம் கிடையாது. ஏழு ஆறானது. கீறல் வேகமாயிற்று. பிறகு அவனுக்கு எது எதற்கு என்று மறந்துபோயிருக்க வேண்டும், தட்ட ஆரம்பித்தான். மூன்று தட்டு இல்லை, தொடர்ந்து தட்டினான். ஹாலில் பெரிய கைதட்டல். அவன் வாங்கிய கைதட்டலில் அவ்வளவு பெரியது நான் கேட்டதில்லை. யாரோ விசில் அடித்தார்கள்.

ஆறு ஐந்தானது. தட்டுவது நின்றது.

நீங்கள் சாவியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், பையில்தான் இருந்தது. நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. நான் மறக்கவில்லை. எனக்கும் கேனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் நான் திறந்துவிட்டால் அந்தப் பொத்தானில் ஆள் வருமா வராதா என்று எப்படித் தெரியும்? திறந்தால், பார்த்தீங்களா மாமா, நீங்க திறந்துட்டீங்க, இல்லேன்னா அவங்க வந்திருப்பாங்க என்று அவன் சொல்லியிருப்பான். அவன் அப்படிச் சொல்கிறவன்தான். அந்தப் பேச்சு அதோடு முடியாமலே போயிருக்கும்.

இரண்டு என்று வந்தபோது அந்தப் பெண் மறைப்பை விலக்கிப் பார்த்தாள். கத்தினாள். அப்புறம் திறந்தேன். வழக்கம் போல இருபது எண்ணுவதற்குள் திறந்துவிட்டேன். மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும் அவனைத் தூக்கிக் கம்பளத்தில் கிடத்தினார்கள். விரல் நகமெல்லாம் தங்க நிறமாக இருந்தது. பெயின்ட் வெளியே மட்டும் அடித்தது, உள்ளே எப்படிப் போனது என்று யோசித்தேன். இணைப்பு வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் போன பிறகு போனில் ஒரு ஆள் வந்தான். ஆளோ, இயந்திரமோ. தாமதத்துக்கு வருந்துகிறோம், உங்கள் சிக்கல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டது. இல்லை என்று தொட்டேன். மீண்டும் வருந்துகிறோம் என்றது.

வீட்டில் சம்சாரம் ஒரே ஒரு தடவை கேட்டாள். "சாவி உங்க பையிலதானே இருந்துச்சு?"

"ஆமா," என்றேன்.

சாப்பாடு எடுத்து வைத்தாள். தட்டைக் கழுவினாள். மறுநாள் உங்கள் ஆட்கள் வந்தபோது அவள்தான் கதவைத் திறந்து என்னைக் கைகாட்டினாள். அவளைக் குறை சொல்லவில்லை. கூடப் பிறந்தவன்.

பொறாமையா என்றீர்கள், கோபமா என்றீர்கள். இரண்டும் இல்லை. மீன் பேரில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, நல்ல பையன். காகிதத்தின் மேலே கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். பெயின்ட் காய்ந்தது எனக்குத் தெரியும், கீறியது கேட்டது, சாவி என்னிடம் இருந்தது, நான் திறக்கவில்லை. நான்கும் உண்மை. ஆபத்துக்கு ஆள் வரும் என்று சொல்லி அவனிடம் காசு வாங்கியவர்கள் வரவில்லை என்பதையும் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொன்னால் நடக்கிறேன், பிடித்து இழுக்க வேண்டாம். காசு கட்டி அந்த ஆப்பில் சேர்வது இந்தத் தொழிலுக்கு நல்லதா என்று கேட்டால், எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்த்ததை வைத்துக்கொண்டு எதையும் முடிவாகச் சொல்லிவிடக் கூடாது.