வட்டம் அழிந்த பலகை

இந்தக் காலத்தில் எவனுக்கும் பொறுமை கிடையாது, ஐயா. படகைக் கரையேற்றிய மறுநாளே மினுக்கித் தா என்கிறான். பாசி காயவேண்டும், சிப்பியைச் சுரண்டவேண்டும், உப்புத்தாள் தேய்க்கவேண்டும் என்று சொன்னால், போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவான். நீங்களும் அப்படித்தான் ஆட்டுகிறீர்கள். போகட்டும். நான் சொன்னதை மட்டும் எழுதுங்கள், சொந்தச் சரக்கைச் சேர்க்காதீர்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் படித்துப் பார்க்காமல் பெருவிரலை வைக்கமாட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. சுரண்டும்போதே சுரண்டியின் பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே போவோம். நல்ல பலகை ‘டங்’ என்னும். உளுத்தது ‘பொத்’ என்னும். அந்த இடத்தைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவோம். தச்சர் வந்து பலகையை மாற்றிவிட்டு அவரே வட்டத்தை அழிப்பார். வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது.

அந்த வெள்ளைப் படகின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ‘பொத்’ என்றது. வட்டம் போட்டேன். சாயங்காலம் படகு முதலாளி நாலு கூட்டாளிகளோடு வந்தார்.

“மினுக்கச் சொன்னா பெருசு கிறுக்கி வெச்சிருக்கு பாருங்கடா. பேரனோட நோட்டுன்னு நெனச்சிடுச்சு போல.”

எல்லோரும் சிரித்தார்கள். கைக்குட்டையில் எச்சில் தொட்டு அவரே வட்டத்தை அழித்தார்.

“அது வந்து தம்பி...” என்றேன்.

“உன் வேலை வெளிப்பூச்சு. அதை ஒழுங்காப் பாரு, போதும்.”

இதோடு முடிந்திருந்தால் பழி அவர் தலையில்தான் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். ஆனால் மறுநாள் காலையில் தனியாக வந்தார். கையில் எனக்கு ஒரு டீ.

“நேத்து பசங்க முன்னாடி வாய் நீண்டுடுச்சு, பெரியவரே. மனசுல வெச்சுக்காதீங்க. அந்த வட்டம் எதுக்கு? பலகை ஏதாச்சும் பழுதா?”

டீயை வாங்கிக் குடித்தேன். நல்ல சூடு.

“பழுதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. அழுக்கு போகலைன்னு ஒரு அடையாளம்.”

நிம்மதியாகப் போனார். தச்சர் பக்கத்துப் படகில்தான் இருந்தார். “உங்க பக்கம் வட்டம் ஏதாச்சும் உண்டாண்ணே?” என்று குரல் கொடுத்தார். இல்லை என்றேன்.

பிறகு வேலையில் உட்கார்ந்தேன். உளுத்ததைச் சுரண்டச் சுரண்ட, சுரண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அட்டைக் கனத்துக்குத்தான் மரம் மிஞ்சியது. ஓட்டை அடைக்கிற பட்டிப் பசையை அப்பி, காயவைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தேன். மற்றவர்களுக்கு இரண்டு கை அடிப்பேன். இதற்கு நாலு கை. என் ஆயுசில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி மனைவியையும் மகளையும் கூட்டி வந்தார். அந்தச் சின்னப் பெண் பலகையில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “தாத்தா, என் மூஞ்சி தெரியுது” என்றாள். சரியாக அந்த இடத்தில்தான்.

“நடுத்திட்டு வரைக்கும் போறோம், பெரியவரே. இவளுக்கு நீச்சல் தெரியாது. படகு தாங்குமில்ல?” என்று தாய் கேட்டாள்.

“கண்ணாடி மாதிரி இருக்கும்மா” என்றேன்.

அதில் பொய் உண்டா, சொல்லுங்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டதும் நான்தான். அந்தப் பட்டி அலையில் எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். திட்டுக்குப் பாதி வழி. பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழிதான் போனார்கள்.

தாயை மட்டும் மீனவர்கள் தூக்கி வந்தார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் என்ன பதில் சொல்வது? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். சொன்ன வேலையைச் செய்தேன்.

வாசித்துவிட்டேன். ‘தெரிந்தே கொன்றேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தே என்பது சரி. மற்றது உங்கள் சரக்கு. இருக்கட்டும், விரலை வைத்துவிட்டேன். கையைப் பிடிக்க வேண்டாம், நானே நடந்து வருகிறேன்.

வெளியே முற்றத்தில்தான் அந்தப் படகைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். போகிற வழியில் ஒரு தடவை தடவிப் பாருங்கள், ஐயா. ஓட்டையின் விளிம்பில்கூட பெயிண்ட் ஒரு செதில் உரியவில்லை.